பாக்கி மூன்று நாடுகள்

மாசிலாமணி வாத்தியாருக்கு உலகம் அத்துபடி. பெரு நாட்டின் தலைநகரம் லிமா என்பார், நார்வேக்காரர்கள் மீனைக் காயவைத்துக் கப்பல் ஏற்றுகிறார்கள் என்பார், மங்கோலியாவில் குதிரை ஏறத் தெரியாத பிள்ளையே கிடையாது என்பார். அவர் கண்ணால் பார்த்த உலகம் என்னவோ கணியம்பாடியில் ஆரம்பித்து, வேலூரில் நாலு வருஷம் சுற்றி, ஒரே ஒரு தடவை மெட்ராஸ் கடலில் கால் நனைத்துவிட்டு, ஜவ்வாது மலையில் ஆத்துக்கொல்லை என்கிற முப்பது வீட்டு ஊரில் வந்து நின்றுவிட்டது. அதனால் என்ன? பார்க்காத ஊரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குத்தான் வாய் வலிப்பதே இல்லை.

மிஷன்காரர்கள் தகரம் போட்டுக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் அது. ஒன்றாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் அவர் ஒருத்தர்தான். வருஷம் தவறாமல் மிஷனிலிருந்து ஒரு கடிதம் வரும், இந்த ஆண்டு எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று. பதினோரு வருஷமாக ஒரே பதில்தான்: ஒருவரும் இல்லை. அதை மட்டும் எழுத வெட்கமாக இருக்கும். அதனால் பிள்ளைகள் எந்தெந்த நாட்டுக்காக ஜெபம் பண்ணினார்கள் என்று இரண்டு பக்கம் நீட்டி எழுதி அனுப்புவார். மலைச்சனத்துக்கு அவருடைய சாமி மேல் ஒரு கோபமும் கிடையாது. "ஒங்க சாமியும் ஒரு பக்கம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காளியம்மனுக்குக் கிடா வெட்டி ஒரு பங்கு கறியை அவருக்கும் கொடுத்தனுப்புவார்கள். அதை அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம்.

மற்ற பாடமெல்லாம் அவர் ஏனோதானோ என்றுதான் நடத்தினார். பூகோளம் வந்தால் ஆளே வேறு. பூமியை உண்டாக்கியவர் ஆண்டவர், ஆகவே பூமியைப் படிப்பதும் வேதம் படிப்பதும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. தன்னுடைய எட்டு முழ வேட்டி ஒன்றை விரித்து, கரியால் உலகப் படம் வரைந்து, சுவர் முழுக்க மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை ஒரு நாடு. அந்த நாட்டின் தலைநகரம், ஆறு, விளைச்சல், அங்குள்ள ஜனங்களின் கஷ்டம் என்று நாலு விஷயம். முடிந்ததும் பிள்ளைகள் கண்ணை மூடி அந்த நாட்டுக்காக ஜெபம் பண்ண வேண்டும். பிரேசில் நாட்டுக்காரர்களுக்குச் சாமை நன்றாக விளையட்டும் என்றும், சுவிட்சர்லாந்தில் கரடி வந்து பலாப்பழத்தைத் தின்னாமல் இருக்கட்டும் என்றும் அந்தப் பிள்ளைகள் மனசாரக் கேட்டுக்கொள்ளும்.

நற்செய்தி எல்லா நாட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிவு வரும் என்று வேதத்தில் இருக்கிறது. அதையும் அவர் பாடத்தில் சேர்த்தார். செய்தி போன நாடு சிவப்பு, போகாத நாடு வெள்ளை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்தால் நல்ல சிவப்புச் சாயம். கடைசி நாளில் எல்லா நாட்டு ஜனங்களும் ஆண்டவர் முன்னால் வரிசை வரிசையாக நிற்பார்கள் என்று சொல்லி, ஒரு நாள் பிள்ளைகளை வாசலில் நிறுத்திக்கூடக் காட்டினார். நீ சீனா, நீ ஜெர்மனி, நீ எகிப்து. பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

இதில் அவர் ஒரு வேலை செய்திருந்தார். எந்த நாட்டுக்குச் செய்தி போயிற்று, எதற்குப் போகவில்லை என்று ஆத்துக்கொல்லையில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு எப்படித் தெரியும்? மிஷன் பத்திரிகை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. ஆகவே எந்தப் பிள்ளை ஒரு நாட்டின் நாலு விஷயத்தையும் பிசகாமல் ஒப்பிக்கிறதோ, அந்தப் பிள்ளையே அந்த நாட்டுக்குச் சாயம் பூசலாம் என்று வைத்துவிட்டார். பரிசுதான். ஆனால் பரிசு என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "இன்னைக்கு பெருவும் ஆண்டவர் பக்கம் வந்தாச்சு" என்று சொன்னால் அந்த முகங்களில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் யாரும் அது வெறும் பரிசு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படிப் பூசியதில் நாற்பத்தோரு நாடு ஒரே பிள்ளை பூசியது. சடையன் மகள் வடிவு. எட்டாவது படித்தாள், பதின்மூன்று வயசு. ஒரு தடவை சொன்னால் போதும், ஆறு எங்கே பிறந்து எங்கே விழுகிறது என்று மறுநாள் வந்து ஒப்பித்துவிடுவாள். மாசிலாமணிக்கு அவள் மேல் இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. பதினோரு வருஷத்தில் எட்டாவதுக்கு மேல் ஒரு பிள்ளையும் போகவில்லை. எல்லாம் மாடு மேய்க்கவும் காப்பித் தோட்டத்து வேலைக்கும்தான் போயின. வடிவுக்காக அவர் மூன்று தடவை மலை இறங்கி, செங்கத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் பேசி, ஒன்பதாவதுக்கு இடம் வாங்கி வைத்திருந்தார். ஜூனில் சேர வேண்டியது. சடையனும் தலையாட்டியிருந்தார். அவள் ஒருத்தி போய்விட்டால் தன்னுடைய பதினோரு வருஷமும் வீண் இல்லை என்று அவர் ஆண்டவரிடமே சொல்லியிருந்தார்.

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் வடிவு வந்து நின்றாள்.

"சார், வெள்ளிக்கெழம நான் வரமாட்டேன். எங்க வூட்ல வெத்தல மாத்தறாங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றாள். ஏதோ மாடு கன்று போட்டதைச் சொல்வது போலச் சொன்னாள்.

மாசிலாமணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சடையன் வீட்டுக்குப் போனார்.

புளி உலுக்கும் காலம். சடையன் வீட்டு வாசலில் புளி மலை மாதிரி குவிந்து கிடந்தது. அவரும் மனைவி மாதம்மாளும் கட்டை வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரைப் பார்த்ததும் சடையன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க வாத்தியாரே, ஒக்காருங்க. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன்."

"இன்னா சடையா இது? ஜூன்ல செங்கத்துல சேக்கறோம்னு பேசி வெச்சிருக்குது. நீ இன்னான்னா வெத்தல மாத்தறேன்ற. அது சின்னப் புள்ளப்பா."

"எம் பொண்ணு வயசு எனக்குத் தெரியாதா? நாலஞ்சு வருசம் போவட்டும்னுதான் இருந்தேன்." சடையன் குரலைத் தாழ்த்தினார். "நாளு எங்க இருக்குது? மூணு நாடுதானே பாக்கி?"

மாசிலாமணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இன்னா மூணு நாடு?"

"நேபாளம், மங்கோலியா, அப்புறம் இன்னாது அது?"

"அல்பேனியா" என்று உள்ளேயிருந்து வடிவு எடுத்துக் கொடுத்தாள்.

"ஆங், அதான். வெள்ளிக்கெழமைக்கு ஒண்ணு பூசறீங்க. பங்குனி பொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். இந்த ஊர்ல வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்க, நம்பறோம்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்கைலாப் என்று ஒரு யந்திரம் ஆகாயத்திலிருந்து விழப் போகிறது, அத்தோடு உலகம் சரி என்று அடிவாரத்திலிருந்து செய்தி வந்தது. ஆத்துக்கொல்லையில் ஆடு கோழியெல்லாம் அறுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். விதைச் சாமையைக்கூடக் குத்திப் பொங்கினார்கள். அப்போது மாசிலாமணிதான் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார். புளியமரத்தடியில் அதை விரித்துப் பிடித்து, "பாருங்க, எத்தனை நாடு இன்னும் வெள்ளையா இருக்குது! இது அத்தனையும் செவக்கிற வரைக்கும் ஒலகத்துக்கு ஒண்ணும் ஆவாது, ஆட்ட அறுக்காதீங்க" என்றார். யந்திரம் எங்கேயோ கடல் பக்கம் போய் விழுந்தது. ஆத்துக்கொல்லைக்காரர்கள் வாத்தியாரை அன்றிலிருந்து வேறு கண்ணால் பார்த்தார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, அவர் வாழ்க்கையில் நாலு பேர் கூடி நின்று அவர் பேச்சைக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"அதுக்கும் கல்யாணத்துக்கும் இன்னாப்பா சம்பந்தம்?" என்றார்.

சடையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்த மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"எல்லா நாட்டு சனமும் வரிசையா நிக்கும்னு நீங்கதானே காட்டினீங்க? எங்க காளியம்மன் பொங்கலுக்கு நாங்க எப்பிடி நிக்கறோம், பாத்திருக்கீங்க இல்ல? வூடு வூடா வரிசை. கட்டிக்கினு வந்த பொண்ணு புருசன் வூட்டு வரிசையில நிக்கும். கட்டாத பொண்ணுக்கு வரிசை இல்ல. ஓரமா நின்னு வெறகு எடுத்துக் குடுக்கலாம். செத்தாலும் ஓடைக்கு அந்தாண்டதான் பொதைப்போம், படையல்ல பேர் சொல்லமாட்டோம். பொங்கல்னா ஒரு நாளு, பரவால்ல. அன்னிக்கி அப்பிடியா? சீனாக்காரன் பாக்க, ஜெர்மனிக்காரன் பாக்க எம் பொண்ணு மட்டும் எந்த வூட்லயும் சேராம ஓரமா நிக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

மாதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எந்தம்பி மவன் அர்ச்சுனன்தான் சார். நல்ல புள்ள. தாலி மட்டும் கட்டிட்டா போதும்னு சொல்லிட்டோம். பெரிய பொண்ணாவுற வரைக்கும் எங்க வூட்லதான் இருப்பா."

எதிரே உட்கார்ந்திருப்பது முரடனாக இருந்தால் சண்டை போடலாம், பேராசைக்காரனாக இருந்தால் திட்டலாம். இந்த மனுஷன் வாத்தியாருடைய பாடத்தை அல்லவா முழுசாகப் படித்து வைத்திருக்கிறார்!

"அதெல்லாம் இப்ப வராது சடையா. ஆயிரம் வருசம் ஆனாலும் ஆவும். வேணும்னா அந்த மூணு நாட்டையும் நான் பூசாம வுட்டுடறேன்."

சடையன் சிரித்தார். "நல்லாருக்குதே! அங்க நடந்தாத்தானே நீங்க இங்க பூசறீங்க? நீங்க பூசலன்னா அங்க நின்னுடுமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை, உன் மகள் நன்றாக ஒப்பித்தாள் என்பதற்காகப் பூச விட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டியிருக்க வேண்டும். வாயும் திறந்தது. ஆனால் அதைச் சொன்னால் ஸ்கைலாப் அன்றைக்குச் சொன்னதும் அந்தக் கதைதான் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு, மாதம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார் மகானுபாவர்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பெண்ணுக்குப் பதினெட்டு வயசு ஆக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் சட்டம் மலை ஏறி வர அந்தக் காலத்தில் பஸ் கிடையாது. போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் தகரக் கூரையும் அவரும்தான் இருப்பார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் வடிவை மட்டும் நிறுத்திவைத்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார். குழந்தையிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

அவள் சுவரில் தொங்கிய வேட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாப்பத்தி ஒண்ணு நான்தான் பூசினேன் சார்."

"நீ நல்லா ஒப்பிச்ச. அதுக்குத்தான் குடுத்தேன்."

"அப்போ அங்கல்லாம் யாரும் போவலையா?"

"சில எடத்துக்குப் போயிருக்காங்க. சில எடம் எனக்குத் தெரியாதும்மா."

"லிமான்னு ஊரு இருக்குதா, அதுவும் இல்லையா?"

"அது இருக்குது. ஊரு, ஆறு, வெளைச்சல் எல்லாம் நெசம். சாயம் மட்டுந்தான் நான் வெச்சது."

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை நாளாக அந்தப் பிள்ளை எவ்வளவு பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு நாடு நாடாகப் பூசியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ மூணு வாரத்துல ஒண்ணும் ஆவாது. நான் செங்கத்துக்குப் போலாம் இல்ல சார்?"

"போலாம்மா."

"அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாரு. இன்னைக்கே சொல்லுங்க சார்."

"இன்னைக்கே சொல்றேன்."

சொல்லத்தான் கிளம்பினார். ஓடையைத் தாண்டும்போது எதிரே ஊர்க்கவுண்டர் லட்சுமணன் வந்தார். கூடவே இரண்டு பெரியவர்கள். மூன்று பேரும் அவரைப் பார்த்து நின்றார்கள். ஊர்க்கவுண்டர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் தாசில்தாருக்குக்கூட அதை எடுத்ததில்லை.

"வாத்தியாரே, ஒங்களத்தான் பாக்க வந்தோம். இந்த வருசம் சாமை வெதைக்கலாமா, வேணாமா? ஏர் கட்டற நேரத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேட்டுக்கும்."

அப்போது பொங்கிய கர்வத்தை என்னவென்று சொல்வது! மூன்று நரைத்த தலைகள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. இவர்களிடம் போய், நான் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பது போல நாடு கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? "அதெல்லாம் ஆண்டவருக்குத்தான் தெரியும். வெதைங்க, வெதைக்கிறது நல்லதுதான்" என்று வழவழவென்று ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மறுநாள் உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜெபம் பண்ணப் பார்த்தார். வார்த்தை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். முகம்கூடக் கழுவாமல் ஓடினார்.

புளியமரத்தடியில் ஊரே இருந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் தட்டு வைத்திருந்தார்கள். வடிவு அம்மாவுக்குப் பின்னால் புதுப் பாவாடையோடு நின்றாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை அவர் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். மூச்சு வாங்கியது. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் படத்துல பூசின சாயம் நெசம் இல்ல. புள்ளைங்க நல்லாப் படிச்சா பூசச் சொல்லுவேன், அவ்ளோதான். எந்த நாட்டுல இன்னா நடந்துதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. முடிவு எப்ப வரும்னும் தெரியாது. என்னை நம்பி இந்தப் புள்ளைக்குத் தாலி கட்டாதீங்க."

மேளம் நின்றுவிட்டது.

ஊர்க்கவுண்டர் லட்சுமணன் மெதுவாகக் கேட்டார்: "அப்போ அன்னைக்கி ஆட்ட அறுக்க வேணாம்னு சொன்னீங்களே, அது?"

"அதுவும் எனக்குத் தெரியாமத்தான் சொன்னேன்."

"தெரியாம சொன்னது எப்பிடி நடந்துது?"

அன்றைக்கு ஊர்க்கவுண்டரோடு ஓடைப் பக்கம் வந்திருந்த கிழவர் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து சிரித்தார். "முந்தாநேத்து ஓடையாண்ட கேட்டப்போ இத்த சொல்லலியே. பொண்ணு கைய வுட்டுப் போவுதுன்னதும் பேச்ச மாத்தறாரு. செங்கத்துல சேத்து அவங்க வேதத்துல சேத்துக்கலாம்னு பாத்துக்கினு இருந்திருப்பாரு. இன்னா வாத்தியாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். பகையான சிரிப்பில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட சொந்தக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. மாசிலாமணி திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்டவர் பேரில் சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணப் பண்ண அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்து உறுதியாயிற்று. சடையன் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஒங்க மனசு எனக்குத் தெரியும் வாத்தியாரே. புள்ள மேல இருக்கற பாசத்துல பொய் சொல்றீங்க. வுடுங்க."

வெற்றிலை கை மாறியது. வடிவு அம்மாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள். முந்தாநாள் சாயங்காலமே போயிருந்தால் சடையன் ஒருவரிடம் சொன்னால் போதும், தட்டு வந்திருக்காது, கூட்டம் கூடியிருக்காது. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளை அவர் ஓடைக்கரையில் கௌரவமாகத் தொலைத்துவிட்டு வந்திருந்தார்.

பத்தாம் நாள் கல்யாணம். அவரையும் அழைத்தார்கள், அவரும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வடிவு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வேட்டியை அவர் கழற்றி மடித்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள், "இன்னைக்கி நாடு இல்லையா சார்?" என்று கேட்கும். கணக்குப் போடச் சொல்வார். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. மழை பெய்ய வேண்டிய நாளில் கொஞ்சம் பெய்தது. உலகம் தன்பாட்டுக்கு இருந்தது.

ஜூன் மாதம் ஒரு காலையில் சடையன் வந்து நின்றார். பின்னால் வடிவு, கையில் துணிப்பை, தலையில் எண்ணெய் வழிய வாரிய சடை.

"வாத்தியாரே, கெளம்பலாமா?"

"எங்க?"

"செங்கத்துக்குத்தான். பள்ளிக்கூடம் தெறக்கிற நாளு இல்ல? மாப்ள வூட்லயும் கேட்டுட்டேன். இங்க இருக்கறது அங்க இருக்கட்டும், படிக்கட்டும்னு சொல்லிட்டாங்க." பிறகு அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க அந்த மூணையும் பூசாம வுட்டுட்டீங்க, அதான் ஒலகம் நிக்குது. யாரும் சொல்லலன்னாலும் ஊருக்கே அது தெரியும். எங்களுக்கு நீங்க பண்ணது பெரிய ஒதவி."

ஹாஸ்டல் பாரத்தில் மணமாகாதவர் என்று ஒரு வரி உண்டு. அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டவரே மாசிலாமணிதான். சொல்லிவிடலாம், போகாதே என்று இங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளை சடை போட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு பொய். ஊருக்கெல்லாம் நாடு நாடாகச் சொன்னவர், இந்தப் பிள்ளைக்காக இன்னும் ஒன்று சொன்னால் ஆண்டவர் மன்னிக்கமாட்டாரா?

மலை இறங்கும் வழியில் வடிவிடம், "தாலிக் கயித்த சட்டைக்குள்ள வுட்டுக்கோம்மா" என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை, விட்டுக்கொண்டாள். சடையனிடமும் சொல்ல வேண்டும் என்று நாலு தடவை வாயெடுத்தார். அன்றைக்குக் கூட்டத்தில் பொய்யன் என்று ஆனவர், இன்றைக்கு நீயும் பொய் சொல் என்று எப்படிக் கேட்பது? சடையன் பேசாமல் பக்கத்தில் நின்றால் போதும், நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஹாஸ்டல் வார்டன் அம்மாள் நல்ல மாதிரி. வடிவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நைல் நதி எங்க போய்ச் சேருது, சொல்லு" என்றாள். வடிவு நைல் நதியைப் பிறந்த இடத்திலிருந்து கொண்டுபோய் மத்தியதரைக் கடலில் விட்டாள். அம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். "மலையில இவ்ளோ நல்லா சொல்லித் தர்றீங்களே" என்று மாசிலாமணியைப் பாராட்டிவிட்டுப் பாரத்தைப் புரட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்குது. கல்யாணம் கில்யாணம் ஒண்ணும் பண்ணி வெச்சிடலையே? மலைப்பக்கம் சீக்கிரம் பண்ணிடறாங்க, அதான் கேக்கறேன்."

மாசிலாமணி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சடையன் ஒரு எட்டு முன்னால் வந்தார். முகமெல்லாம் பெருமை.

"அதெல்லாம் ஆச்சுங்கம்மா. பங்குனிக்கு முன்னாடியே முடிச்சிட்டோம். இனிமே அவளுக்கு ஒரு கொறையும் இல்ல, ஒங்களுக்கும் ஒரு கவலையும் இல்ல."

வார்டன் அம்மாள் பேனாவை மூடினாள். திட்டவில்லை. விதி இப்படி, நான் என்ன செய்ய முடியும் என்று இரண்டு தடவை சொன்னாள். பாரத்தைத் திருப்பி மாசிலாமணி கையில் கொடுத்தாள். அவர் கையெழுத்தைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள்.

சடையனுக்கு விஷயம் புரிய பஸ் நிறுத்தம் வரைக்கும் ஆயிற்று. "கல்யாணம் ஆனா எழுத்து ஏறாதா?" என்று கேட்டார். "அவங்க வூட்ல சரின்னுட்டாங்க, எங்க வூட்ல சரின்னுட்டோம். இவங்களுக்கு இன்னா?" பிறகு எழுந்து போய் மகளுக்கு ஒரு பொட்டலம் பொரி வாங்கி வந்தார்.

வடிவு பொரியைப் பிரிக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் மாசிலாமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். பாடம் கேட்கிறபோது புருவத்தைச் சுருக்கிக்கொள்வாளே, அப்படி.

"சார்" என்றாள்.

"இன்னாம்மா?"

"ஊருங்க எல்லாம் நெசம்னீங்க இல்ல? கல்யாணமான புள்ளைய எந்த நாட்டுல சார் சேத்துக்குவாங்க?"

சடையனும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். இந்த மனுஷனுக்குத் தெரியாத நாடா என்று அந்தக் கண்ணில் இன்னும் நம்பிக்கை இருந்தது. பஸ் கலசப்பாக்கம் பக்கமிருந்து வந்து நின்றது. மாசிலாமணி பிள்ளையின் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "தெரியலம்மா, ஏறு" என்றார்.